எந்திரம் நின்ற இடங்கள்

வானூர்தியின் வரலாற்றை எழுதுவோர் பறந்த தொலைவையும் எட்டிய உயரத்தையும் கணக்கிடுவதே மரபு. இறங்கக் கூடாத இடத்தில் இறங்க நேர்ந்தவர்களின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படுவதில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டு உலக இலக்கியத்தில் நிலைத்த இடம்பெற்ற சில நூல்கள் அத்தகைய இடங்களிலிருந்தே பிறந்தன என்பது கவிதையிலும் உரைநடையிலும் ஈடுபாடு கொண்டோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும். பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரிலிருந்து ஆப்பிரிக்கக் கடற்கரை வழியாகத் தென்னமெரிக்கா வரை கடிதம் சுமந்து சென்ற விமானிகளின் கதை அது. ழான் மெர்மோஸ், ஆன்றி கீயோமே, அந்துவான் து செந்த்-எக்சுபெரி ஆகிய மூவரும் அக்கதையின் நாயகர்கள். முன்னிருவரும் பறந்தவர்கள், மூன்றாமவர் பறந்து, எழுதவும் செய்தவர்.

இவர்களுடைய துணிவைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் இவர்கள் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் துணிவைவிட ஆழமான ஒன்று புலப்படும். எந்திரம் நின்றதும் மனிதனுக்கு எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கு, 'தன்னை எதிர்பார்த்திருக்கும் மற்றொரு மனிதன்' என்பதே இவர்கள் வாழ்க்கை தரும் விடை.

போர் விட்டுச்சென்ற விமானங்கள்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. போருக்காக விமானம் கட்டிவந்த துலூஸ் தொழிலதிபர் பியேர்-ஜார்ஜ் லாத்தேகோயேர், இனி அவ்விமானங்கள் கடிதம் சுமக்கட்டும் என்று கருதினார். அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் துலூசிலிருந்து பார்சலோனாவுக்கு முதற்பயணம் நிகழ்ந்தது. 1919இல் வழித்தடம் மொராக்கோ வரை நீண்டது. 1925இல் காசாபிளாங்காவிலிருந்து செனகல் நாட்டுத் தக்கார் வரை பாலைவனத்தின் விளிம்பில் அஞ்சல் பறக்கத் தொடங்கியது. 1927இல் நிறுவனம் கைமாறி 'ஏரோபோஸ்தால்' என்னும் பெயர் பெற்றது. 1928இல் துலூசுக்கும் புவெனஸ் அயர்சுக்கும் இடையே முழுத்தடமும் திறக்கப்பட்டது. நடுவிலிருந்த அட்லாண்டிக் கடலை மட்டும் கடிதங்கள் கப்பலில் கடந்தன.

தொடக்க ஆண்டுகளில் இத்தடத்தின் முதுகெலும்பாக விளங்கியது 'ப்ரேகே 14' என்னும் இரட்டைச் சிறகு விமானம். அது போரில் குண்டு வீசப் பயன்பட்டது. 300 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எந்திரம், கூரையற்ற இருக்கை, மணிக்கு 130 கிலோமீட்டர் அளவிலான வேகம். பன்னிரண்டு உருளைகள் கொண்ட அவ்வெந்திரம் நீரால் குளிர்விக்கப்படுவது. பாலைவன வெப்பம் அந்த நீரையும் மணல் அதன் உள்ளுறுப்புகளையும் விட்டுவைக்கவில்லை. பிஸ்டனைச் சுழல்தண்டோடு பிணைக்கும் இணைப்புத் தண்டு பறக்கும்போதே முறிந்துவிடுவது அக்கால விமானிகள் நன்கறிந்த இடர். முறிந்த தண்டு எந்திரத்தின் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. அதன்பின் வானில் செய்யக்கூடிய மருத்துவம் எதுவுமில்லை.

எந்திரம் நின்ற விமானம் கல்லைப் போல வீழ்ந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. சிறகுகள் காற்றைப் பற்றியிருக்கும்வரை அது சரிந்து மிதந்தே இறங்கும். ஆனால் அம்மிதப்புக்கு விலை உயரம். முன்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு கணமும் உயரம் செலவாகிறது. செலவானதை மீட்க எந்திரம் இல்லை. எனவே கையிலிருக்கும் உயரம் தீர்வதற்குள் விமானி சமதளம் ஒன்றைத் தேர்ந்து, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை உணர்ந்து, அதற்கு எதிர்முகமாக இறங்க வேண்டும். தொலைவிலிருந்து பட்டுப்போல் தெரியும் நிலம் அருகே வரும்போது பாறையாகவோ பள்ளமாகவோ முகம் காட்டலாம். சக்கரம் எதிலாவது தட்டினால் விமானம் தலைகுப்புறக் கவிழும். மீண்டும் மேலெழுந்து வேறிடம் தேடும் வாய்ப்பு அவனுக்கில்லை. எழுதியதை அடித்துத் திருத்த இயலாத எழுத்து அது.

மூன்று ஆரஞ்சு மரங்கள்

1926ஆம் ஆண்டு செந்த்-எக்சுபெரி இத்தடத்தில் பணிக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. பணிமனைகளையும் விமானிகளையும் கட்டியாண்டவர் திதியே தோரா. கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஒரே அறம். புதியவர் முதன்முறை ஸ்பெயின் நாட்டைக் கடந்து அஞ்சல் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. முந்திய இரவு அவர் மூத்த தோழர் கீயோமேயிடம் பாடம் கேட்கச் சென்றார். அந்தப் பாடத்தை 1939இல் வெளியான 'மனிதர்களின் பூமி' என்னும் நூலில் அவரே பதிவு செய்துள்ளார்.

கீயோமே கற்பித்தது பள்ளிக்கூட நிலநூலன்று. நகரங்களின் மக்கள்தொகையையோ ஆறுகளின் நீளத்தையோ அவர் சொல்லவில்லை. குவாதிஸ் நகரருகே ஒரு வயலோரம் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைப் பற்றிச் சொன்னார். இறங்க நேர்ந்தால் சிறகு அவற்றில் மோதிவிடும். லோர்க்காவுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டைச் சொன்னார். மோத்ரில் ஊருக்கு மேற்கே புல்லுக்குள் ஒளிந்தோடும் ஓர் ஓடையைச் சொன்னார். மேலிருந்து பசும்புல்வெளியாகத் தோன்றும் அவ்விடத்தில் இறங்கினால் சக்கரம் சிக்கும். மலைச்சரிவில் மேயும் முப்பது ஆடுகள் திடுமெனக் குறுக்கே ஓடிவரக்கூடும் என்றும் எச்சரித்தார்.

வரைபடத்தில் இடம்பெறாத அந்த ஓடையும் மரங்களும் ஆடுகளும் அவ்விரவில் நகரங்களைவிடப் பெரியனவாயின. மேகத்தின் மேல் பறப்பவன் மண்ணை மறந்துவிடுகிறான் என்று நினைப்பது எளிது. இவர்களோ எந்நேரமும் எந்திரம் நிற்கலாம் என்ற அச்சத்தால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கற்றார்கள். கவிஞர்கள் நிலத்தைப் பார்க்கும் பார்வைக்கு இது மிக நெருங்கியது. பொதுப்பெயரில் நிறைவு கொள்ளாமல் இந்த மரம், இந்த ஓடை என்று சுட்டியறியும் பார்வை அது. எந்திரத்தின் நலிவே அப்பார்வையை அவர்களுக்கு வழங்கியது எனலாம்.

மணலில் இறங்கியோர்

காசாபிளாங்கா-தக்கார் தடத்தின் நடுவே ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டதாகக் கூறப்பட்ட சகாராப் பகுதி கிடந்தது. கடற்கரைக் கோட்டைகள் சிலவற்றுக்கு வெளியே அவ்வாட்சி பெயரளவினதே. உள்நாட்டில் வாழ்ந்த மூர் இனக்குழுக்கள் தங்கள் மண்ணில் இறங்கிய அயலாரைச் சிறைப்பிடித்தனர், மீட்புப்பணம் கேட்டனர், சில வேளை கொன்றனர். அவர்களைக் கொடியோர் என்று மட்டும் எழுதிச் செல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தங்களைக் கேளாமலே தங்கள் நிலத்தையும் வானத்தையும் பங்கிட்டுக்கொண்ட நாடுகளின் விமானம் அவர்களுக்குக் கடிதப் பையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

இந்த இடர் காரணமாக அப்பகுதியில் விமானங்கள் இரண்டிரண்டாகவே பறந்தன. ஒன்று எந்திரம் நின்று இறங்கினால் மற்றது உடன் இறங்கி விமானியையும் அஞ்சலையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது நெறி. மொழி பெயர்க்கும் மூர் ஒருவரும் பெரும்பாலும் உடன் சென்றார். இந்நெறிக்கு இத்தடம் கொடுத்த விலை பெரிது. 1926 நவம்பரில் கூர்ப் என்னும் விமானி பாலையில் இறங்க நேர்ந்தது. அவருக்குத் துணையாக இறங்கிய எராபிளும் உடனிருந்த பிந்தாதோவும் கொல்லப்பட்டனர். காயமுற்றுச் சிறைப்பட்ட கூர்ப் மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. துணைக்கு இறங்கியதனாலேயே எராபிள் இறந்தார். எனினும் நெறி கைவிடப்படவில்லை. அதே ஆண்டில் மெர்மோசும் பாலையில் சிறைப்பட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டவர். 1928இல் ரெய்ன், செர் என்னும் இருவர் சில மாதங்கள் மூர்களிடம் சிறையிருந்தனர்.

கூர்ப் குழுவினர் வீழ்ந்த பகுதியிலேயே செந்த்-எக்சுபெரி கழித்த ஓர் இரவு 'மனிதர்களின் பூமி'யில் இடம்பெறுகிறது. ரிகெல் என்பவரின் விமானத்தில் இணைப்புத் தண்டு முறிந்தது. உதவிக்கு இறங்கிய விமானங்களும் இருட்டுவதற்குள் கிளம்ப இயலவில்லை. தாக்குதல் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். அவர்கள் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து வெறுமையாக்கி வட்டமாக அடுக்கினர்; ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காற்று அணைக்காதபடி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினர். பெட்டிகளே வீடுகளாக, மணலில் ஒரு சிற்றூர் எழுந்தது. விடியும்வரை கதை பேசியும் பாடியும் அவர்கள் காத்திருந்தனர். உடைமை என்று சொல்ல நினைவுகளைத் தவிர வேறொன்றுமில்லாத அவ்விரவைத் தம் வாழ்வின் செல்வமாக அந்நூலாசிரியர் போற்றுகிறார்.

1927இன் இறுதியில் அவர் ஜூபி முனை என்னும் தனித்த நிலையத்துக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். ஒருபுறம் கடல், மறுபுறம் பாலை. நடுவே ஸ்பானியக் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு மரக்கொட்டகை. பாலையில் வீழ்ந்தவர்களைத் தேடிக் கொணர்வதும், மூர்களோடு நட்புறவு வளர்ப்பதும் அவர் பணி. அங்கே எழுதப்பட்ட 'தெற்கு அஞ்சல்' 1929இல் நூலாயிற்று.

மலைமேல் இருவர்

1929இல் தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கும் பொறுப்பு மெர்மோசுக்கு வாய்த்தது. மலையின் கொடுமுடிகள் பல 6000 மீட்டருக்கும் மேலானவை. அவருடைய 'லாத்தே 25' விமானமோ அவ்வுயரத்தை எட்ட இயலாதது. ஆகவே இடைவெளி தேடிப் புகுவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாண்டு மார்ச்சில் மெக்கானிக் கொல்னோவுடன் சென்றபோது கீழ்நோக்கி வீசிய காற்று விமானத்தை ஏறத்தாழ 4000 மீட்டர் உயரத்திலிருந்த ஒரு மேடையின்மேல் எறிந்தது. மேடையின் நாற்புறமும் செங்குத்துப் பாறை. இறங்கி நடந்து தப்ப வழி தேடினர், கிடைக்கவில்லை.

விமானத்தின் அடிக்கட்டு சிதைந்திருந்தது. இரவுக் குளிரில் நீர் உறைந்து எந்திரத்தைக் குளிர்விக்கும் குழாய்கள் வெடித்தன. கொல்னோ கையில் கிடைத்த தோலையும் துணியையும் கொண்டு குழாய்களைக் கட்டினார். உடைந்த கட்டுகளைக் கம்பியால் பிணைத்தார். இன்றியமையாதவை தவிர மற்றவற்றையெல்லாம் கழற்றி எறிந்து பாரம் குறைத்தனர். சில நாட்கள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் மெர்மோஸ் விமானத்தைச் சரிவில் ஓடவிட்டார். மேலெழும் வேகம் பெறாமலே அது பாறை விளிம்பில் குதித்தது. வீழ்ச்சியில் கிடைத்த வேகமே சிறகுகளுக்கு உயிர் தந்தது. ஒட்டுப்போட்ட குழாய்கள் மீண்டும் ஒழுகின. எனினும் அவர்கள் சிலி நாட்டுச் சமவெளியை அடைந்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சி மெர்மோசின் பெயராலேயே வழங்குகிறது. பாறை விளிம்பை நோக்கி விமானத்தைச் செலுத்தும் துணிவு அவருடையது, ஐயமில்லை. ஆனால் விறைத்த விரல்களால் குழாய் கட்டிய கொல்னோ இன்றேல் அத்துணிவு குதிப்பதற்கு ஒரு விமானமே இருந்திராது. தன் கைவேலையை நம்பி அதே விமானத்தில் ஏறியமர்ந்த கொல்னோவின் துணிவும் குறைந்ததன்று.

பனியில் ஒருவர்

1930 ஜூன் 13ஆம் நாள் கீயோமே சிலியின் சாந்தியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்குப் 'பொத்தே 25' என்னும் சிறு விமானத்தில் தனியே கிளம்பினார். மலையை அவர் கடப்பது அது 92ஆம் முறை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது குளிர்காலம். பனிப்புயல் அவரைக் கீழே அழுத்தியது. மலைகள் சூழ்ந்த தியமாந்தே ஏரியின்மேல் அவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஏரியைவிட்டு விலகினால் பாறையில் மோதுவது உறுதி. எரிபொருள் தீரும்வரை சுற்றினார், தீர்ந்ததும் எந்திரம் நின்றது, இறங்கினார். பனியில் சக்கரம் புதைந்து விமானம் கவிழ்ந்தது.

கவிழ்ந்த விமானத்தின் அடியில் பனியைத் தோண்டி, அஞ்சல் பைகளைச் சுற்றிலும் அடுக்கி, இரண்டு நாள் இரண்டு இரவு புயலுக்குத் தப்பியிருந்தார். அதன்பின் நடந்தார். கயிறில்லை, பனிக்கோடரியில்லை, உணவும் ஏறக்குறைய இல்லை. ஐந்து பகலும் நான்கு இரவும் மலைகளில் ஏறியும் சரிந்தும் நடந்தார். வீங்கிய கால்களுக்கு இடம்விடக் காலணிகளைக் கத்தியால் கீறினார். உறங்கினால் மீண்டும் எழ முடியாது என்பதை அவர் அறிவார். பனியில் வீழ்ந்து கிடப்பது இன்பமாகவும் எழுவது துன்பமாகவும் இருந்த வேளையும் வந்தது.

அவ்வேளையில் அவரை எழுப்பியது எது? செந்த்-எக்சுபெரியிடம் அவர் பின்னர் கூறியது வியப்புக்குரியது. முதலில் அவர் நினைத்தது தம் மனைவியை. தாம் உயிரோடிருப்பதாக நம்பினால் தாம் நடந்துகொண்டிருப்பதாகவும் அவள் நம்புவாள், தோழர்களும் நம்புவர், நடக்காவிட்டால் அவர்களுக்குத் துரோகம். பிறகு நினைத்தது ஆயுள் காப்பீட்டை! உடல் கிடைக்காதவரை ஒருவன் காணாமற்போனவனே. இறந்தவனாகக் கருதப்பட்டு மனைவிக்குப் பணம் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆகும். சரிவில் கிடந்தால் கோடையில் உருகும் பனி உடலை அடித்துச் சென்றுவிடும். சற்று மேலே ஒரு பாறை தெரிந்தது. அதுவரை சென்று அதில் சாய்ந்து இறந்தால் கோடையில் உடலைக் கண்டெடுப்பார்கள். அதற்காக எழுந்தார். எழுந்தவர் மேலும் இரண்டு இரவும் மூன்று பகலும் நடந்தார்.

வீரம் என்று நாம் பாடுவது பல வேளைகளில் இவ்வளவு எளிய இல்லறக் கணக்காகவே இருக்கிறது. புகழுக்காகவன்று, மனைவி பணத்துக்கு அலையக் கூடாதே என்பதற்காக ஒருவர் சாகுமிடத்தைத் தேர்ந்தார். அக்கவலையே அவரைச் சாகாமல் காத்தது. பொருள் தேடிப் பிரிந்தவனின் நெஞ்சை நன்கறிந்த தமிழ்க் கவிதை மரபில் வந்தவர்களுக்கு இக்கணக்கின் ஈரம் விளங்காமல் போகாது. இறுதியில் ஒரு மலைவாழ் குடும்பத்தார் அவரைக் கண்டு காத்தனர். அதற்கு முன் ஐந்து நாள் மலைமேல் பறந்து தேடிக் களைத்திருந்த செந்த்-எக்சுபெரி, செய்தியறிந்து விமானத்தில் சென்று நண்பரைத் தழுவிக்கொண்டார்.

ஏட்டில் இருப்பவரும் இல்லாதவரும்

1935 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலை அதே சோதனை செந்த்-எக்சுபெரிக்கே நேர்ந்தது. பாரிசிலிருந்து சைகோன் வரை விரைந்து பறக்கும் முயற்சியில், மெக்கானிக் ப்ரெவோவுடன் சென்ற அவரது விமானம் இருளில் எகிப்து நாட்டுப் பாலையில் மோதியது. இங்கே எந்திரம் பழுதாகவில்லை. இருக்குமிடம் தெரியாமல் மேகத்தினூடே இறங்கியதே காரணம். இருவரும் உயிர்பிழைத்தனர், குடிநீர்க் கலம் உடைந்து மணல் குடித்துவிட்டது. சிறிது காப்பி, சில திராட்சை, ஓர் ஆரஞ்சுப் பழம் ஆகியவற்றுடன் நாள்கணக்கில் அலைந்து, கானல்நீர் கண்டு மயங்கி, சாவின் விளிம்பில் பதூயின் ஒருவரால் காப்பாற்றப்பட்டனர். அந்நாட்களிலும் தாகத்தைவிடத் தம்மை எதிர்பார்த்துக் கலங்குவோரின் கண்களே அவரை வருத்தின. கரையில் நிற்பவர்களே கப்பல் உடைந்தவர்கள், அவர்களை மீட்க வேண்டியவர்கள் நாமே என்று எண்ணுமளவுக்கு அவர் சிந்தை தலைகீழாயிற்று.

1943இல் நியூயார்க்கில் வெளியான 'குட்டி இளவரசன்' சகாராவில் எந்திரம் பழுதாகி இறங்கிய ஒரு விமானியின் கதை. வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரின் மொழிபெயர்ப்பில் அது பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கும் வந்தது. கதையில் எந்திரம் பழுதாகிறது. வாழ்க்கையில் நிகழ்ந்தது வேறு. வாழ்க்கையில் ப்ரெவோ உடனிருந்தார்; கதையின் விமானிக்கு மெக்கானிக் இல்லை. அவன் தனியே எந்திரத்தைப் பழுதுபார்க்கிறான். மெக்கானிக் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுவன் வந்து நின்று ஆடு வரைந்து தரச் சொல்கிறான். தன் அவசரத்தில் ஆழ்ந்தவன் அடுத்திருப்பவனின் வினாவுக்குச் செவிகொடுக்கக் கற்கும் கதையாக அது வளர்கிறது. இறங்க நேர்ந்த இடங்களிலெல்லாம் அத்தோழர்கள் கற்ற பாடத்தைக் குழந்தைக்கும் விளங்கும்படி சொன்ன நூல் அது.

எனினும் இலக்கியத்தின் நினைவு முழுமையானதன்று. விமானிகளின் பெயர்களைச் சாலைகளும் பள்ளிகளும் சுமக்கின்றன. உடன் பறந்த மூர் மொழிபெயர்ப்பாளர்களில் எத்தனை பேரின் பெயர் எவர் நாவிலும் வழங்குகிறது? மெக்கானிக்குகளையும் வானொலி இயக்குநர்களையும் அறிந்தோர் சிலரே. இத்தடத்தில் உயிர்நீத்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். வணிகக் கடிதங்களும் காதற் கடிதங்களும் சில நாள் முந்திச் சேர்வதற்கு இவ்வளவு உயிர் தகுமா என்னும் வினாவை 1931இல் வந்த 'இரவு விமானம்' என்னும் நாவலில் செந்த்-எக்சுபெரியே எழுப்பினார். தோராவை நினைவூட்டும் தலைவர் ஒருவரைப் படைத்து, அவர் முன் காணாமற்போன விமானியின் இளமனைவியை நிறுத்தினார். இருவரில் எவரையும் தவறென்று அவர் தீர்த்துச் சொல்லவில்லை. அவ்வினா இன்றும் தீராமல் நிற்கிறது. அது தீராமையே அந்நாவலின் உயிர்.

நிறைவு

ஏரோபோஸ்தால் 1931இல் நொடித்தது. 1933இல் ஏர் பிரான்ஸ் நிறுவனத்துள் அடங்கியது. கொல்னோ 1936 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடல்மேல் விமானத்துடன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் மெர்மோஸ் நான்கு எந்திர விமானம் ஒன்றில் தக்காரிலிருந்து கிளம்பினார். எந்திரக் கோளாறால் ஒருமுறை திரும்பிவந்து, மீண்டும் பறந்தார். வலப்பக்கப் பின் எந்திரத்தை நிறுத்துவதாக வந்த வானொலிச் செய்தியே அவரிடமிருந்து வந்த கடைசிச் சொல். 1940 நவம்பரில் கீயோமேயின் விமானம் மத்தியதரைக் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 1944 ஜூலை 31ஆம் நாள் கோர்சிகாத் தீவிலிருந்து போர் உளவுக்காகப் பறந்த செந்த்-எக்சுபெரி திரும்பவில்லை. மார்செய் நகருக்கு அருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட சிதைவுகள் அவருடைய விமானத்தினுடையவை என்பது 2004இல் உறுதிப்பட்டது.

மூவரையும் இறுதியில் கொண்டது கடலே. மணலிலும் பனியிலும் பாறையிலும் இறங்கி மீண்டவர்களுக்குக் கடலில் இறங்க இடமில்லை. குவாதிஸ் நகரருகே நின்ற மூன்று மரங்களைப் போல் அடையாளம் சொல்ல நீரில் எதுவும் நிற்பதில்லை. வட்டமாகப் பெட்டி அடுக்கி விளக்கேற்ற இடமில்லை. உடல் சாய்க்க ஒரு பாறையுமில்லை. அவர்கள் மண்ணை அவ்வளவு நேசித்ததன் காரணம் இங்கே விளங்குகிறது. வானத்தைப் பாடியவர்களாகப் பெயர்பெற்ற அவர்கள் உண்மையில் பாடியது, இறங்கியவனைத் தாங்கிக்கொள்ளும் பூமியையும் அவன் வரவைக் கேட்டுக் கதவருகே நிற்கும் மனிதரையுமே.